பின்சீட்டில் பெல்ட் போடச் சொன்னால் பார்ட்டிக்குக் கோபம் வருகிறது: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஆல்பேட்டை டிராவல்ஸ் | கடலூர்

கடலூரில் சின்ன அளவில் டிராவல்ஸ் நடத்துகிறேன். முகூர்த்த நாளில் ஆக்டிங் டிரைவர் கிடைக்காவிட்டால் நானே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒரு விஷயத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த இழை.

முன்சீட்டுத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் முன்னால் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் வண்டியே கத்துகிறது. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதமும் 1000 ரூபாய்க்கு ஏறியது. அதற்காக மனசு மாறிப் போடுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆல்பேட்டை செக்போஸ்ட் வரும்போது மாட்டுவது, தாண்டியதும் கழற்றுவது, புதுச்சேரி எல்லையான முள்ளோடை வந்ததும் மறுபடி கை தோளுக்குப் போவது என்றுதான் ஓடுகிறது. சிலர் மாட்டுவதுகூடக் கிடையாது. அங்கவஸ்திரம் போல மார்புக்குக் குறுக்கே போட்டு, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு போலீஸைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

என் பிரச்சினை பின்சீட்டு. "பெல்ட் போட்டுக்குங்க சார்" என்றால், "ஏன் தம்பி, அவ்வளவு வேகமாவா போகப்போறே?" என்கிறார்கள். ஒரு பெரியவர், "மணக்குள விநாயகர் கோயில்ல பூஜை போட்ட வண்டின்னு சொன்னே, அப்புறம் என்ன?" என்று கேட்டார். இன்னொரு பக்கம் என் டிரைவர்கள். பார்ட்டி தானாகப் பெல்ட்டைத் தேடினால் இவர்களுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. "நம்ம ஓட்டுமேல நம்பிக்கை இல்லையா சார்?" என்று ஒருவன் நேராகவே கேட்டுவிட்டான், நான் பக்கத்தில் இருக்கும்போதே.

ஆகமொத்தம் பெல்ட் என்பது டிரைவருக்குக் கொடுக்கும் மார்க் மாதிரி ஆகிவிட்டது. போட்டால் அவன் மோசமான டிரைவர், போடாவிட்டால் நல்ல டிரைவர். இதை எப்படி உடைப்பது? பார்ட்டியைக் கோபப்படுத்தாமல் சொல்ல வழி இருக்கிறதா?


பாகூர் பாண்டியன் | பாகூர்

சொல்லாதீர்கள். பேட்டா போய்விடும்.


நெய்வேலி ஓய்வு | நெய்வேலி டவுன்ஷிப்

தம்பி பாண்டியன், பேட்டா போனால் அடுத்த டிரிப்பில் சம்பாதிக்கலாம். பின்சீட்டுக்காரர் பெல்ட் போடாமல் இருந்தால் முதலில் அடிபடப் போவது நீங்கள்தான். இதை யாரும் டிரைவர்களிடம் சொல்வதில்லை.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு புளியமரத்தில் மோதி நிற்கிறது. கார் நின்றுவிடும், உள்ளே இருப்பவர் நிற்கமாட்டார். எதிலாவது தட்டும்வரை அதே 50 கிலோமீட்டரில் போய்க்கொண்டே இருப்பார். அந்த வேகம் பத்து மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுந்தால் கிடைக்கும் வேகம், அதாவது மூன்றாம் மாடி. 80 என்றால் இருபத்தைந்து மீட்டர். பெல்ட் போட்ட உடம்பு ஏறக்குறைய அரை மீட்டர் தூரத்தில் நிற்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் 50 கிலோமீட்டர் வேகத்திலேயே எடையைப்போல இருபது மடங்கு விசை வரும். எழுபது கிலோ ஆளுக்கு 1,400 கிலோ. "கையை ஊன்றிக்கொள்வேன்" என்கிறவர்கள் ஒரு மாருதி காரைவிடக் கனமான ஒன்றைக் கையில் தாங்குவதாகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது அந்த எழுபது கிலோ ஆள் உங்கள் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் எங்கே வந்து நிற்பார்? உங்கள் முதுகில். நீங்கள் பெல்ட் போட்டிருந்தாலும் பெல்ட்டுக்கும் அவருக்கும் நடுவில் நசுங்குவீர்கள். 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் இதைக் கணக்கிட்டு எழுதினார்கள். பெல்ட் போட்டு முன்னால் இருப்பவர்கள் சாகும் வாய்ப்பு, பின்னால் இருப்பவர்கள் பெல்ட் போடாதபோது ஏறக்குறைய ஐந்து மடங்கு.

ஆகவே ஆல்பேட்டைக்காரரே, "உங்கள் நல்லதுக்குத்தான் சார்" என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்டு இந்த நாட்டில் யாரும் எதுவும் செய்ததில்லை. "என் முதுகைக் காப்பாற்றுங்கள் சார்" என்று சொல்லிப் பாருங்கள்.


ஆல்பேட்டை டிராவல்ஸ்

சார், இந்தக் கோணத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. என் டிரைவர்கள் வாட்ஸப் குழுவில் அப்படியே போடுகிறேன். ஆனால் "என் முதுகு" என்று பார்ட்டியிடம் சொன்னால் முதுகுவலியா என்று கேட்பார்களோ என்னவோ.


சிப்காட் டேங்கர் | கடலூர் முதுநகர்

கார்க்காரர்கள் பேசி முடித்தால் லாரிக்காரனும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

நான் ஓட்டுவது கெமிக்கல் டேங்கர். குடிகாட்டில் கம்பெனி கேட்டுக்குள் நுழைய வேண்டுமானால் ஹெல்மெட், ஷூ, பெல்ட், தீயணைப்பான், புகைக்குழாயில் தீப்பொறியைத் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் எல்லாம் பார்ப்பார்கள். பெல்ட் போடாமல் உள்ளே ஒரு அடி நகர்த்த முடியாது. உள்ளே ஓட்டுவது எவ்வளவு வேகம்? பத்து, பதினைந்து. லோடு ஏற்றி, பில் வாங்கி, கேட்டைத் தாண்டி என்.எச். 32இல் ஏறிய உடனே எல்லோரும் செய்யும் முதல் வேலை பெல்ட்டைக் கழற்றுவதுதான். அறுபதில் போகும்போது கிடையாது, பத்தில் போகும்போது உண்டு. கேட்டில் இருக்கும் சேஃப்டி ஆபீசருக்கும் இது தெரியும். அவருக்கு அவர் கேட் வரைக்கும்தான் கணக்கு.

ஏன் கழற்றுகிறோம் என்று கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள்.

முதலாவது சூடு. காலுக்குப் பக்கத்திலேயே எஞ்சின் கொதிக்கும். சித்திரை மாதம் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் பனியன் பிழியலாம். அந்த வியர்வையில் பெல்ட் கழுத்தை அறுக்கும். இரண்டாவது, எங்கள் சீட்டு ஆடும், பெல்ட் ஆடாது. பெல்ட் கேபின் தூணில் இருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் சீட்டு கீழே போய் மேலே வரும்போது பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டு, கடைசியில் மூச்சு முட்டுகிற மாதிரி இறுகிவிடும். கழற்றி மாட்டினால்தான் தளரும். மூன்றாவது, நாங்கள் பாதி நேரம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித்தான் ஓட்டுகிறோம். ரிவர்ஸ், சந்து, கிளீனர் கத்துவது எல்லாம் தலையை நீட்டினால்தான் தெரியும்.

நான்காவது பயம். தீ பிடித்தால் குதிக்க வேண்டுமே என்ற பயம். டேங்கர் ஓட்டுகிறவன் யாராக இருந்தாலும் உள்ளுக்குள் கதவைத் திறந்து குதிப்பதை ஒருதடவையாவது நினைத்துப் பார்த்திருப்பான். குதிப்பதற்கு முன்னால் ஒரு பட்டனை அழுத்த வேண்டும் என்பதே எங்களுக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம், எதிரே வருகிறவன்தான் நசுங்குவான் என்ற நினைப்பும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நான் சொல்லிவிட்டேன்.


கேஷுவால்டி நைட் டியூட்டி | புதுச்சேரி

சிப்காட் அண்ணா, நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். நான் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். தீயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வண்டி தீப்பிடிப்பதும் தண்ணீரில் விழுவதும் மொத்த விபத்துகளில் மிக மிகக் குறைவு. அப்படியே தீப்பிடித்தாலும் குதிப்பதற்கு நினைவு இருக்க வேண்டும், கால் வேலை செய்ய வேண்டும். தலை கண்ணாடியில் மோதி மயங்கியவர் பெல்ட் இல்லாமலும் அதே சீட்டில்தான் இருப்பார்.

லாரி டிரைவர்கள் எப்படி வருகிறார்கள் தெரியுமா? ஸ்டீயரிங் வட்டம் அப்படியே நெஞ்சில் பதிந்திருக்கும். முழங்கால் டேஷ்போர்டில் இடித்து, அந்த அடி தொடை எலும்பு வழியாக மேலே போய் இடுப்பு மூட்டு நழுவியிருக்கும். வலியில் அலறுவார்கள், காலை ஒரு பக்கமாக மடக்கியே வைத்திருப்பார்கள். வண்டி கவிழ்ந்து வந்தால் நிலைமை வேறு. கேபினுக்குள் இருந்தவர் கையுடைந்து வருவார். வெளியே எறியப்பட்டவர் மீது அவர் வண்டியே உருண்டிருக்கும்.

பெல்ட் போட்டவர்களுக்கும் அடிபடும். தோளிலிருந்து இடுப்புவரை குறுக்காக நீலம் பாரித்திருக்கும். அந்தக் கோடு வயிற்றில் இருந்தால் வெளியே காயமே இல்லாவிட்டாலும் ஸ்கேன் எடுக்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். கீழ்ப்பட்டையை இடுப்பெலும்பில் தாழ்வாகப் போடாமல் வயிற்றின் மீது போடுவதால்தான் பெரும்பாலும் இது வருகிறது. வயிறு பெரிதாக இருக்கும் அண்ணன்மார்கள் கவனிக்க. கர்ப்பிணிகளும் அப்படித்தான், கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில் போக வேண்டும், மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே, வயிற்றுக்குப் பக்கவாட்டில். "கர்ப்பமா இருக்கேன், பெல்ட் வேண்டாம்" என்று சொல்கிறார்கள். அவர்களுக்குத்தான் கட்டாயம் வேண்டும்.


ராக் பீச் ராஜா | புதுச்சேரி

எல்லாம் சரி. எங்கள் பெரியப்பா திண்டிவனம் பக்கத்தில் ஆக்சிடெண்ட் ஆனபோது கதவு திறந்து வெளியே விழுந்ததால்தான் பிழைத்தார். வண்டி அப்பளம். பெல்ட் போட்டிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்? விதி முடிந்தால் பெல்ட் என்ன, ஏர்பேக் என்ன.


கேஷுவால்டி நைட் டியூட்டி

பெரியப்பா நன்றாக இருக்கட்டும். அப்படி விழுந்து சாலையில் தலை அடிபட்டுப் போனவர்களால் இந்த இழையில் வந்து எழுத முடியாது. அதனால் உங்களுக்குப் பிழைத்தவர் கதை மட்டும்தான் கிடைக்கிறது.


நெய்வேலி ஓய்வு

விதியைப் பற்றிப் பேச வந்துவிட்டதால் கணக்கையும் போட்டுவிடுகிறேன். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் ஓட்டியவர்கள் 8,384, உடன் வந்தவர்கள் 8,331. ஏறக்குறைய சரிபாதி.

இத்தனை பேரும் பெல்ட் போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. முன்சீட்டில் சாகும் ஆபத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. பாதிதான். மீதிப் பாதிக்கு உங்கள் விதியையே வைத்துக்கொள்ளுங்கள் ராஜா, எனக்கு ஆட்சேபணை இல்லை.


வில்லியனூர் வாசி | புதுச்சேரி

நம்ம ஊரில் ஹெல்மெட்டுக்கே 2019இல் என்ன கூத்து நடந்தது என்று மறந்துவிட்டீர்களா? துணைநிலை ஆளுநர் தெருவில் இறங்கி வண்டியை நிறுத்த, எம்.எல்.ஏ.க்கள் ஹெல்மெட்டை உடைக்க, முதல்வர் தர்ணாவில் உட்கார. இந்த ஊரில் தலைக்கவசமே அரசியல். பின்சீட்டு பெல்ட்டெல்லாம் எந்தக் காலத்தில்?


இரண்டு பிள்ளை அம்மா | லாஸ்பேட்டை

டிராவல்ஸ் அண்ணாவிடம் ஒரு கேள்வி. நாங்கள் பின்சீட்டில் பெல்ட் போடத் தயாராகத்தான் இருக்கிறோம். மாட்டுகிற பூட்டு எங்கே?

போனமாதம் சிதம்பரம் போக ஒரு டாக்சி பிடித்தோம், எந்தக் கம்பெனி என்று சொல்லவேண்டாம். பெல்ட் நாடா தோள் பக்கத்தில் தொங்குகிறது. இழுத்துக்கொண்டு வந்து மாட்டப் பார்த்தால் சீட்டில் பூட்டே இல்லை. புத்தம்புதுச் சீட் கவர், அதற்கு மேல் வெள்ளைத் துண்டு. பூட்டு இரண்டும் கவருக்கு அடியில். கையை விட்டுத் துழாவினேன், வந்தது கடலைத்தோலும் ஒரு சில்லறைக் காசும். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "யாரும் போடமாட்டாங்க மேடம், அதான் உள்ள தள்ளிட்டோம்" என்றார். சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு, பெரியவனை ஒரு கையால் பிடித்துக்கொண்டே போனேன்.

மடியில் வைத்தால் பாதுகாப்புதானே என்று மாமியார் சொல்கிறார். நெய்வேலி சார் மேலே சொன்ன கணக்குப்படி பத்துக் கிலோக் குழந்தை இருநூறு கிலோ ஆகிறது. நான் எப்படிப் பிடிப்பேன்?


நெய்வேலி ஓய்வு

பிடிக்க முடியாது அம்மா. முன்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வருவது அதைவிட மோசம். ஏர்பேக் விரிந்தால் உங்களுக்கும் அதற்கும் நடுவில் குழந்தை இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 194பி பிரிவு குழந்தையையும் சொல்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் ஓட்டுபவருக்குத்தான் 1000 ரூபாய். மத்தியச் சட்டம், முள்ளோடையில் மாறிவிடாது.


ஆல்பேட்டை டிராவல்ஸ்

அக்கா, நீங்கள் சொன்ன பிறகு கீழே போய் என் வண்டிகளைத் திறந்து பார்த்தேன். மூன்றிலும் பூட்டு கவருக்குள்தான். சீட் கவர் தைக்கிறவன் ஒரு ஓட்டை விட்டுத் தைத்தால் முடிந்தது. அவனுக்கு அது தோன்றவில்லை, வாங்கிய நானும் கேட்கவில்லை. இன்று சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூரில் கவர்க் கடையில் கொடுத்து வெட்டி ஓரம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். பின்சீட்டு நாடாவை வெளியே இழுத்தால் கைக்கு அழுக்கு ஒட்டுகிறது. வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் இழுக்காத நாடா, ரோட்டுத் தூசியெல்லாம் அதில்தான். வெள்ளைச் சட்டையில் கல்யாணத்துக்குப் போகிற மனிதர் இதைப் போட்டால் நெஞ்சில் குறுக்கே கறுப்புக் கோடு விழும். அப்புறம் ஜென்மத்துக்கும் போடமாட்டார். இத்தனை நாளாகப் பார்ட்டி பிடிவாதம் என்று நினைத்ததில் பாதி சட்டைக் கவலையாக இருந்திருக்கும்.


குறிஞ்சிப்பாடி பட்டறை | குறிஞ்சிப்பாடி

நாடாவைச் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். பெட்ரோல், தின்னர், பிளீச் எதுவும் கூடாது, நூல் வீணாகும். முழு நாடாவையும் வெளியே இழுத்து, கிளிப் போட்டு நிறுத்தி, நிழலில் காயவிட்டு உள்ளே விடவும். ஈரத்தோடு விட்டால் ரீலுக்குள் பூசணம்.

சிப்காட் தம்பி சொன்ன இறுகல் பிரச்சினை உண்மை. கற்பனை இல்லை. ரீலுக்குள் ஒரு சின்ன உருண்டை உட்கார்ந்திருக்கிறது. வண்டி சட்டென்று வேகம் குறைந்தால் அந்த உருண்டை உருண்டு ஒரு நாக்கைத் தூக்கும், நாக்கு பல்லில் மாட்டிக்கொள்ளும், நாடா நிற்கும். நாடாவை வெடுக்கென்று இழுத்தாலும் நிற்கும். மெதுவாக இழுத்தால் வரும். "போலீஸைப் பார்த்து அவசரமா இழுத்தேன், வரவேயில்லை" என்பார்கள். அவசரமாக இழுத்ததால்தான் வரவில்லை, அதன் வேலையே அதுதான். லாரியில் சீட்டு துள்ளும்போது தளர்வதை உள்ளே சுருட்டிக்கொள்ளும், மறுபடி வெளியே விடுவதற்குள் அடுத்த குழி வந்து பூட்டிவிடும். அதனால் இறுகுகிறது. புது வண்டிகளில் ஏர் சஸ்பென்ஷன் சீட்டிலேயே பெல்ட்டும் சேர்ந்து வந்தால் இந்தத் தொல்லை கிடையாது. சீட்டோடு சேர்ந்து அதுவும் ஆடும்.

பழைய வண்டிகள் கதையே வேறு. கம்பெனியிலிருந்து எஞ்சினும் சேசிஸும் மட்டும் வந்து, கேபினை நாமக்கல், கரூர் பக்கம் பாடி கட்டினார்கள் பாருங்கள், அந்த வண்டிகளில் எத்தனையோ பெல்ட் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்காக மாட்டியது. மரச்சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தியதெல்லாம் பார்த்திருக்கிறேன். கையால் இழுத்தாலே வருகிற ஸ்க்ரூ ஒன்றரை டன் எப்படித் தாங்கும்? அந்த வண்டிக்காரன் பெல்ட் போடாததை நான் குறை சொல்லமாட்டேன். பாடி கட்டியவனைச் சொல்வேன், அதற்கு எஃப்.சி. கொடுத்தவரைச் சொல்வேன்.


சிப்காட் டேங்கர்

அண்ணே, இதைத்தான் எதிர்பார்த்தேன். எங்களைக் கூப்பிட்டு வைத்து விழிப்புணர்வுக் கூட்டம் போடுகிறார்கள், கையில் ரோஜாப்பூ கொடுக்கிறார்கள். ஒருவராவது கேபினுக்குள் ஏறி அந்த பெல்ட்டைப் போட்டுப் பார்த்தது உண்டா? 2025 அக்டோபர் 1க்குப் பிறகு தயாராகும் லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் என்று வந்திருக்கிறது. அந்த வண்டி என் கைக்கு வர எத்தனை வருஷமோ. வந்தால் என் முதல் காரணம் அடிபட்டுப் போகும், ஒத்துக்கொள்கிறேன்.


நெய்வேலி ஓய்வு

தம்பி, உயரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். டேங்கர் ஓட்டுகிற உங்களுக்குத் தெரியாதது இல்லை. பாதி நிரம்பிய டேங்கரைத் திருப்பத்தில் திருப்பும்போது உள்ளே திரவம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையே இழுக்கும். முழு லோடைவிட அரை லோடு கவிழ்வதற்கு நெருக்கம். கவிழும் வண்டியில் உயரம் உங்களுக்குச் சாதகம் இல்லை.


சிப்காட் டேங்கர்

அதுவும் உண்மைதான் சார். ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டியில் போய்ச் சொருகினால்? ராத்திரி நெல்லிக்குப்பம் ரோட்டில் கரும்பு டிராக்டர் லைட்டும் இல்லாமல் ரிஃப்ளெக்டரும் இல்லாமல் போகும். பழுதான லாரியை ரோட்டிலேயே விட்டுவிட்டு நான்கு கல்லை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதில் மோதினால் கேபினே பின்னால் வந்துவிடும். அங்கே பெல்ட் என்ன செய்யும்?


கேஷுவால்டி நைட் டியூட்டி

கேபின் முழுக்க நசுங்கினால் பெல்ட்டால் ஒன்றும் ஆகாது அண்ணா, பொய் சொல்லமாட்டேன். கல் வைப்பவர்களைப் பிடிக்க வேண்டும், அது தனிச் சண்டை. கேபினில் கொஞ்சம் இடம் மிஞ்சுகிற மோதல்கள்தான் அதிகம். அங்கே அந்த இடத்துக்குள் நீங்கள் நிற்கிறீர்களா, கண்ணாடி வழியாகப் போகிறீர்களா என்பதுதான் வித்தியாசம்.


ராக் பீச் ராஜா

லாரிக்குச் சரி. என் காரில் ஆறு ஏர்பேக். எதற்கு பெல்ட்? சத்தம் வராமலிருக்க ஒரு கிளிப் வாங்கிச் சொருகியிருக்கிறேன், அழகாக லோகோ எல்லாம் போட்டது.


குறிஞ்சிப்பாடி பட்டறை

அந்த கிளிப்பை 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. உங்களுக்கு எங்கே கிடைத்தது?

ஏர்பேக் பஞ்சு மெத்தை இல்லை தம்பி. கண் இமைப்பதற்குள் வெடித்து விரிகிற பை. மோதி, பெல்ட்டில் கொஞ்சம் தடைபட்டு, தாமதமாக வரும் உடம்பைத் தாங்குவதற்காக அளந்து செய்தது. பெல்ட் இல்லாத உடம்பு முன்கூட்டியே ஸ்டீயரிங்கில் சாய்ந்திருக்கும், விரிகிற பை முகத்திலேயே அடிக்கும். ஸ்டீயரிங்கில் எழுதியிருக்கும் எஸ்.ஆர்.எஸ். என்பதில் முதல் எஸ் என்றால் துணை. பெல்ட்டுக்குத் துணை. மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் இருபத்தைந்து சென்டிமீட்டராவது இடைவெளி விட்டு உட்காருங்கள். பெல்ட் போடாவிட்டால் பை விரியுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் படியுங்கள்.


வில்லியனூர் வாசி

டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் போனபோது ஒரு மாதம் எல்லோரும் பின்சீட்டில் பெல்ட் போட்டார்கள். 2022 செப்டம்பர் 4, மகாராஷ்டிராவில் பால்கர் பக்கம் பாலத்தில். முன்னால் இருந்த இரண்டு பேர் பிழைத்தார்கள், பின்னால் பெல்ட் போடாமல் இருந்த இரண்டு பேர் போனார்கள். அவ்வளவு பணம், அவ்வளவு நல்ல வண்டி. தீபாவளி வந்ததும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.


பாகூர் பாண்டியன்

நான் சொன்ன பேட்டா விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன். நெய்வேலி சார் பெரியவர், அவர் சொன்னதை மறுக்கவில்லை. திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளில் வந்து பாருங்கள். ஏழு சீட் வண்டி, ஏறுவது பதினொரு பேர். டிக்கியில் இரண்டு பிள்ளைகள் சாமான் மேல். மாப்பிள்ளையின் தாய்மாமன் முன்சீட்டில், மடியில் இன்னொரு பிள்ளை. ஐந்து மணிக்கு முகூர்த்தம். நான் அங்கே நின்று "பின்னால் பெல்ட் போடுங்கள், நான்கு பேர் இறங்குங்கள்" என்றால் அடுத்த டிராவல்ஸுக்குப் போன் போடுவார்கள். அபராதம் மட்டும் என் லைசென்ஸுக்கு. இதை முதலாளிகள் பேச வேண்டும், புக்கிங் வாங்கும்போதே. டிரைவர் வாயால் சொல்ல வைத்து டிரைவரைக் கெட்டவனாக்காதீர்கள்.

கூட்டம் இல்லாத டிரிப்பில் நான் என்ன சொல்கிறேன் தெரியுமா? "சார், போடாட்டி வண்டி கத்திக்கிட்டே வரும், எனக்குத் தலைவலி" என்பேன். என் வண்டியில் பின்சீட்டுக்கு அலாரமே கிடையாது. இதுவரை ஒருத்தரும் முறைக்கவில்லை. வண்டிமேல் பழி போட்டால் யாருக்கும் ரோஷம் வருவதில்லை.


ஆல்பேட்டை டிராவல்ஸ்

பாண்டியன், இது நான் எதிர்பார்த்த பதில். "சொல்லாதீர்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு இதை இவ்வளவு நேரம் மறைத்து வைத்திருந்தீர்களே.

புக்கிங் விஷயமும் நியாயம். இனி கல்யாண வண்டி கேட்டு வருகிறவர்களிடம் ஏழு பேருக்கு மேல் என்றால் இன்னொரு வண்டி என்று நானே போனில் சொல்கிறேன். இரண்டாவது வண்டிக்கு வாடகை குறைத்தாவது கொடுக்கலாம். சில பார்ட்டி போகும், போகட்டும். டிரைவர்களுக்கும் ஒன்று சொல்லிவிட்டேன். பார்ட்டி பெல்ட்டைத் தேடினால் முகத்தைச் சுளிக்காமல் பூட்டை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும்.


இரண்டு பிள்ளை அம்மா

ஓட்டை வெட்டிய கவர் வந்துவிட்டதா அண்ணா? வந்தால் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அடுத்த மாதம் மறுபடி சிதம்பரம் போக வேண்டும்.


ஆல்பேட்டை டிராவல்ஸ்

ஒன்று வந்துவிட்டது, மற்ற இரண்டும் வெள்ளிக்கிழமை. அனுப்புகிறேன் அக்கா.


சிப்காட் டேங்கர்

பட்டறை அண்ணே, பேச்சோடு பேச்சாக ஒன்று. என் வண்டியில் நாடா பாதிக்கு மேல் வெளியே வரமாட்டேன் என்கிறது. கொஞ்ச நாளாக அதில் சாப்பாட்டுப் பையைத்தான் மாட்டி வைத்திருக்கிறேன். ரீலை மட்டும் மாற்ற முடியுமா?


குறிஞ்சிப்பாடி பட்டறை

பையை முதலில் எடுங்கள். ரீல் தனியாக வராது, நாடாவோடு செட்டாகத்தான் வாங்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் உடைத்த வண்டியின் பெல்ட்டை வாங்கிவிடாதீர்கள், மோதலில் ஒருதடவை இழுபட்ட நாடா மறுபடி தாங்காது. எண்ணெய் விட்டுச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள், தூசி இன்னும் சேரும். சில சமயம் நாடா முறுக்கிக்கொண்டு வழிகாட்டியில் மாட்டியிருக்கும், அதை நிமிர்த்தினாலே ஓடும். நாடா ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா, தூணில் போல்ட் இரும்பில் இறங்குகிறதா, தகட்டில் மட்டும் நிற்கிறதா என்று பாருங்கள். மாடல் என்ன?


சிப்காட் டேங்கர்

2017, பன்னிரண்டு சக்கரம், கம்பெனி கேபின்தான். நாளைக்குக் குடிகாட்டில் லோடுக்கு மதியம் வரை நிற்கும். போல்ட்டைக் கழற்றாமல் படம் எடுத்துப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.